நமக்குச் சாதகமான பொய்

2019 ஆகஸ்டில் அமேசான் காடு எரிந்தபோது நானும் ஒரு படத்தை ஷேர் செய்தேன். அடர்ந்த காடு, நடுவே தீயும் புகையும், பார்த்தாலே வயிற்றைப் பிசையும். பிரான்ஸ் அதிபர் மக்ரோனே அதைத்தான் ட்விட்டரில் போட்டிருந்தார், அப்புறம் நான் எதற்குச் சந்தேகப்படப் போகிறேன்? பிறகுதான் தெரிந்தது, அதை எடுத்த லோரன் மெக்கின்டயர் 2003-லேயே இறந்துவிட்டார் என்று. தீ நிஜம், படம் பழசு. ஆனால் கமெண்டில் வந்தவர்கள் யாரும் தீயைப் பற்றிப் பேசவில்லை, படத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

காலநிலைக்காகக் குரல் கொடுக்கும் இளைஞர்கள் எதிர்த்தரப்பின் பொய்யை மோப்பம் பிடிப்பதில் கில்லாடிகள். அதே ஆண்டு செப்டம்பரில், போராட்டக்காரர்கள் விட்டுப்போன குப்பை என்று ஒரு பூங்காப் படம் சுற்றியதே, அது ஏப்ரலில் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த கஞ்சா ஆதரவுக் கூட்டத்துக்குப் பிறகு எடுத்த படம். இதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டோடு விளக்குவோம். நமக்குச் சாதகமாக ஒன்று வந்தால் மட்டும் அந்தக் கண் மூடிக்கொள்ளும். 'உலக ஆக்சிஜனில் 20 சதவீதம் அமேசான் தருகிறது' என்று எத்தனை போஸ்டரில் எழுதினோம்! காடு தரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அங்குள்ள உயிர்களின் சுவாசமும் மக்கும் இலைதழைகளுமே தீர்த்துவிடுகின்றன. காட்டைக் காப்பாற்ற, அது பிடித்து வைத்திருக்கும் கார்பன் என்ற காரணமே போதாதா?

2020 ஜனவரியில் ஆஸ்திரேலியா முழுக்கத் தகதகவென்று எரிவது போல ஒரு படம். ஒருவர் ஏறத்தாழ ஒரு மாதத் தீத் தரவுகளை அடுக்கிக் கணினியில் செய்தது, விளக்கமும் கூடவே போட்டிருந்தார். கைமாறக் கைமாற விளக்கம் உதிர்ந்து, விண்வெளியிலிருந்து எடுத்த போட்டோ ஆகிவிட்டது.

ரீல்ஸ் எடிட் செய்ய எல்லோருக்கும் தெரியும், கூகுள் லென்ஸில் ஒரு படத்தைப் போட்டுத் தேடத்தான் சோம்பல். சரி, தேடினாலும் எல்லாம் சிக்கிவிடாது. அதே ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில், காலநிலைக்காகப் போராடும் கிரேட்டா துன்பெர்க் உட்பட ஐந்து இளம்பெண்கள் நின்ற படத்தில் உகாண்டாவின் வனேசா நகாட்டேயை மட்டும் வெட்டிவிட்டு ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்டது. தேதி சரி, இடம் சரி, ஆனால் விளிம்புக்கு வெளியே ஒரு ஆள்.

இப்போதெல்லாம் எடுத்தவர் யார், எப்போது என்று தெரியாமல் நான் எதையும் போடுவதில்லை. போன மாதம் ஒரு வெள்ளப் படம் கிடைத்தது, மூன்று மணி நேரம் தேடியும் மூலம் சிக்கவில்லை. போடவில்லை. அருமையான படம், இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.