தொரப்பாடி பாலிடெக்னிக்கும் அரக்கோணம் பாலிடெக்னிக்கும்

எங்கள் ஊர் நெமிலி பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் டிப்ளமோ படித்தது வேலூர் தொரப்பாடியில், தந்தை பெரியார் அரசு பாலிடெக்னிக்கில். பஸ்ஸில் அரக்கோணம், ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பாகாயம் போகும் ஒன்றாம் நம்பர் அல்லது இரண்டாம் நம்பர் டவுன் பஸ். "தொரப்பாடியா? ஜெயிலுக்கா, காலேஜுக்கா?" என்று ஊரில் கேலி செய்வார்கள், மத்திய சிறை அங்கேதானே இருக்கிறது. காட்பாடியில் சாயங்கால ரயிலை விட்டால் வீடு சேர ராத்திரி ஆகிவிடும். ஆம்பளைப் பிள்ளை என்பதால் அனுப்பினார்கள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட அக்காவைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் காசு இல்லாமல் இல்லை; தூரம்தான் காரணம்.

கோவை, காரைக்குடி, சேலம், திருநெல்வேலி என்று ஒவ்வொன்றாக வந்த அரசு பொறியியல் கல்லூரி வேலூருக்கு, அதாவது பாகாயத்துக்கு, வந்தது 1990ல். அதைப் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கென்னவோ அரக்கோணத்திலும் ஜோலார்பேட்டையிலும் அரசு பாலிடெக்னிக் வந்ததுதான் பெரிய காரியம். பி.இ.க்குப் பிள்ளையை விடுதியில் சேர்க்கிற வீடு உண்டு. பத்தாவது முடித்த பதினைந்து வயதுப் பெண்ணை அப்படி விட எங்கள் பக்கம் யார் துணிவார்கள்?

இப்போது அண்ணன் மகள் அரக்கோணத்தில் படிக்கிறாள். ஒரே பஸ், அதுவும் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 2022ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. முதல் வருஷ ஒர்க்ஷாப்பில் இரும்புத் துண்டை அராவி அராவி உள்ளங்கை கொப்பளித்துப் போய் வந்தாள். அண்ணி பதறினாள், எனக்குச் சிரிப்புதான். அந்தக் கொப்புளம் இல்லாமல் டிப்ளமோ ஏது?

ஒரு குறை சொல்லியாக வேண்டும். புதுக் கல்லூரி என்றால் கட்டடம் சீக்கிரம் எழும்பிவிடுகிறது. லேத் எந்திரமும் வாத்தியாரும் அந்த வேகத்தில் வருவதில்லை, இது பல ஊர்க் கதை. ராணிப்பேட்டை கம்பெனிகளில் வேலைக்கு வரும் பையன்களைப் பார்க்கிறேன்; சிலருக்கு நுட்பமாக அளக்கிற வெர்னியர் கருவியைப் பிடிக்கவே நாங்கள்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மார்க் என்னவோ எண்பதுக்கு மேல்.

சரி, அவள் விஷயம். டிப்ளமோ முடித்ததும் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். பாகாயம் கிடைத்தால் போவேன் என்கிறாள். அண்ணன் பழையபடி தூரத்தைப் பற்றி ஆரம்பித்தான். "நீங்க போன ரயில்தானே சித்தப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அக்காவும் அன்று வீட்டில்தான் இருந்தாள். "விண்ணப்பத்துக்கு நான் பணம் கட்டறேன்" என்று சொல்லிவிட்டாள்.