நோகாத பல்

மார்ச் 3
இந்த மாதம் எங்கள் வைத்தியர் கூட்டத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு, படையினரின் பல் நலத் தேவையை எப்படி மதிப்பிடுவது என்பது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பேசத் தயக்கமாகத்தான் இருந்தது. வாசிக்கத் தொடங்கியதும் விட மனம் வரவில்லை. 1914இல் பிரான்சுக்குப் போன பிரித்தானியப் படையோடு ஒரு பல் வைத்தியர்கூடப் போகவில்லை. தளபதிகளில் ஒருவரான டக்ளஸ் ஹெய்குக்குப் பல்வலி வந்தபோது பாரிஸிலிருந்து ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் பல் மருத்துவப் பிரிவு வந்தது 1921இல்தான்.

மார்ச் 5
பேராதனையில் படிக்கும்போது சொத்தைப் பல், இழந்த பல், அடைத்த பல் என்று எண்ணிக் கூட்டுவோம். வாய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அது சொல்லும். யாரை முதலில் கவனிப்பது என்று சொல்லாது. நேட்டோ நாட்டுப் படைகள் கேட்பது வேறு கேள்வி: அடுத்த 12 மாதத்துக்குள் இந்த வாய் இவருக்கு அவசர உபாதை தருமா? பதிலைப் பார்த்து ஆட்களை நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள். ஒன்றாம் வகுப்புக்கு வைத்தியம் வேண்டாம். இரண்டாவது பொறுத்திருக்கலாம். மூன்றாவது பொறுக்காது. அந்த மூன்றாவதில் இன்றைக்கு நோகாத பற்கள் எத்தனையோ இருக்கும்: ஆழமாய் இறங்கிய சொத்தை, பாதி முளைத்து முரசு (ஈறு) வீங்கி வற்றிய ஞானப்பல். நான்காம் வகுப்பு, சோதிக்கவேபடாதவர்கள்.

மார்ச் 8
குருநகரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கடலட்டை பிடிக்கிற சுழியோடி.
"டொக்டர், கீழ போனா கொடுப்புப் பல்லு வெடிக்கிற மாதிரி நோகுது. மேல வந்தா ஒண்டும் இல்லை."
தட்டிப் பார்த்தேன், நோகவில்லை. முந்தி அடைத்த பல். இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்கு உயரத்தில் பல் நொந்ததை நேற்றிரவு வாசித்திராவிட்டால் திருப்பி அனுப்பியிருப்பேன். காற்றமுக்கம் மாறும்போது கெட்டுப்போன அடைப்பின் கீழே வலி கிளம்பும். கடலில் 10 மீற்றர் இறங்கினாலே அமுக்கம் இரட்டிப்பு. எக்ஸ்ரேயில் அடைப்புக்குக் கீழே கறுப்பாய்ச் சொத்தை தெரிந்தது. துப்புரவாக்கித் தற்காலிக மருந்து வைத்தேன். முழுதும் முடியும்வரை சுழியோட வேண்டாம் என்றேன்.
"எத்தினை நாள், டொக்டர்?"
தொழில் நடக்கிற நேரம். இரண்டு கிழமை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

மார்ச் 9
அவரோடு போகிறவர்கள் ஏழு பேராம். ஒருவரும் பல் காட்டியதில்லை. நோகாமல் ஏன் வாறது என்று கேட்டார். படையில் வருடா வருடம் வரச்சொல்லிக் கட்டளை இருக்கும். நடுக்கடலில் வலி வந்தால் கரைக்கு வர வழியில்லாத இவர்களுக்கு அது இல்லை. கூட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிய, கண்ணாடியும் டோர்ச்சும் கொண்டு இறங்குதுறைக்குப் போவதாகச் சொல்லியனுப்பினேன். அப்புறம் ஒரு தாளில் நான்கு கோடு கீறி, நான்காவதில் ஏழு என்று எழுதினேன்.