உப்பு இல்லை என்று சொன்ன நாள்

"உப்பெல்லாம் சேர்க்கலக்கா, தேயிலையும் நெல்லிக்காயும்தான்." தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் எங்கள் பச்சைத் தேயிலை மாத்திரைகளைக் குழாயில் அடுக்கும் அறையில், "டாக்டர் எனக்கு பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு சார், இதுல உப்பு இல்லையே?" என்று கேட்ட அக்காவுக்கு நான் சொன்ன பதில் இது. விளிம்பு உடைந்ததென்று நாங்கள் கழித்துவைத்த மாத்திரைகளை அவர் அதன்பின் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக் குடித்துவந்தது, மூன்று வாரம் கழித்தே எனக்குத் தெரிந்தது.

ஐப்பசி மழையில் கோத்தகிரியின் மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்ற நாள்கள் அவை. பொங்கவைப்பதற்கான சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் அருகருகே இருக்கும் மாத்திரையில் சிறிது ஈரம் பட்டாலும் வினை தொடங்கிவிடும். அந்த வினையே தண்ணீரை உண்டாக்குவதால், பிறகு தானாகவே தொடரும். அறையின் ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று இரவில் எழுந்துபோய்க் கருவியைப் பார்த்திருக்கிறேன். பச்சைத் தேயிலையின் கேட்டசின்கள் என்னும் சத்துகள் காரத்தில் சிதையும் என்பதால் அமிலத்தைச் சற்றுத் தூக்கலாக வைத்தேன்; மாத்திரையின் மேல் கடுகளவு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் அந்த பேட்சையே நிறுத்தினேன். இலையின் ஆன்டிஆக்சிடன்ட் சத்தைக் காக்க இவ்வளவு பாடுபட்ட நான், அதைப் பொங்கவைக்கும் பொருள் குடிப்பவர் உடலில் என்ன செய்யும் என்று எண்ணிப்பார்க்கவில்லை.

ஒரு மாத்திரையில் 1.2 கிராம் சோடியம் பைகார்பனேட். அதன் எடையில் 27 சதவீதம் சோடியம் என்பதால், இரண்டு மாத்திரைக்கு ஏறக்குறைய 660 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் இருக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் மூன்றில் ஒரு பங்கு.

நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது சாப்பாட்டு உப்பைத்தான். அந்த உப்பில் குளோரைடோடு சேர்ந்திருக்கும் சோடியம் அளவுக்கு பைகார்பனேட் சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் சோடியம் மிகுந்த கரையும் மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களிடம் இதய, ரத்தநாளப் பாதிப்புகள் கூடுதலாக இருந்ததென்று 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

விஷயத்தைச் சொல்லி, இனிக் குடிக்க வேண்டாம் என்றபோது அவர் கோபப்படவில்லை. "ஆப்பத்துக்குப் போடுற சோடா உப்புதானே சார்? அதுவும் உப்புதானே?" என்று மட்டும் கேட்டார். என் அம்மாவும் அதை அப்படித்தான் அழைப்பார்.

ஒரு பகுதியைப் பொட்டாசியம் பைகார்பனேட்டாக மாற்றிப் பார்த்தோம். கசப்பு தலைகாட்டியது, அதைவிட, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் பொட்டாசியம் ஆபத்து. இன்னொருவர் வேறொரு கேள்வியோடு வந்து நிற்பார் என்ற பயத்தில் அதைப் பாதியில் விட்டேன். அது சரியா என்றும் தெரியவில்லை.

லேபிளில் சோடியம் பைகார்பனேட் 500 என்ற சேர்க்கைப் பொருள் எண்ணாகவே இருக்கிறது. "சோடா உப்பு உள்ளது" என்று தமிழில் அச்சிடலாம் என்றேன்; வாங்குபவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்றார்கள், நானும் அன்று வற்புறுத்தவில்லை. திருத்திய லேபிள் பிரதி இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.