அழைப்பு வரவில்லை என்றால் ‘நார்மல்’ என்று நினைத்துவிடாதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம் எங்களுடையது. அரசாங்க மருத்துவமனையில் சுகப்பிரசவம், மறுநாளே வீடு. அதுவரை ஒரு குறையும் இல்லை.

குழப்பமெல்லாம் தைராய்டு ரிசல்ட்டில்தான். இங்கே பிறக்கும் குழந்தைக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு, பிறவித் தைராய்டு குறைபாடு இரண்டையும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் செய்வதுபோல் குதிகாலில் குத்துவதில்லை. பிள்ளைக்கு வலியில்லை, நல்லதுதான். ஆனால் கண்ணெதிரே எதுவும் நடக்காததால், சோதனை எடுத்ததே பல தாய்மாருக்குத் தெரிவதில்லை. தைராய்டு சோதனை 1998-இல் தொடங்கியது. அதற்கு வெகுநாள் கழித்துப் பிள்ளை பெற்ற என் நாத்தனார், கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்.

ஜி6பிடி நார்மல் என்று பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். (குறைவு என்றிருந்தால், அந்தக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆகாதென்று, அத்தை சேலை அலமாரியில் போட்டு வைத்திருக்கும் ரசகற்பூர உருண்டைகள் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும்.) டிஎஸ்எச் (தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) கட்டம் மட்டும் காலி. மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு வந்த மிஸ்ஸிதான் (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைக் கவனித்து, “இது ஏன் எழுதலை? போய்க் கேளுங்க” என்றார்.

என் கணவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பிறப்புப் பத்திரத்தோடு போனார். கவுண்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்து, அந்தப் பெயரில் ரெக்கார்டே இல்லை என்றார். “கூப்பிடலைன்னா ஓகே லா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுமுறை வந்த மிஸ்ஸிக்குக் கோபமே வந்துவிட்டது. “தொப்புள்கொடி ரத்தம் எடுக்கும்போது பிள்ளைக்கு ஏதுங்க பேரு? அம்மா ஐசி நம்பர்ல தேடச் சொல்லுங்க!” பத்திய உடம்போடு நானே போனேன். ஐசியை, அதாவது என் அடையாள அட்டையை, நீட்டியதும் ரிசல்ட் வந்துவிட்டது: டிஎஸ்எச் அதிகம், தாயாரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அட்மிஷனில் புது நம்பர் கொடுத்திருந்தோம். அவர்கள் பழைய கர்ப்பக் கார்டில் இருந்த, நாங்கள் எப்போதோ விட்டுவந்த தோட்டத்து நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்படி அழைப்பு வந்தால் பதற வேண்டாம். பிரசவ நேரத்து அழுத்தத்தாலும் டிஎஸ்எச் ஏறலாம். திரும்பக் கூப்பிடப்படும் பிள்ளைகளில் பலருக்கு இரண்டாவது சோதனை சரியாகவே வரும். எங்கள் மகளுக்கு வரவில்லை. அதிலும் முதலில் எடுத்த ரத்தம் உறைந்துபோனதென்று மறுபடி குத்தினார்கள்.

“அழவே தெரியாத தங்கப் பிள்ளை” என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓயாமல் தூங்குவது, பாலுக்கு எழுப்ப வேண்டியிருப்பது, மஞ்சள் இறங்காமல் இருப்பது எல்லாமே இந்தக் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் பேச்சே நின்றுவிட்டது. பிறந்தவுடன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாதாம். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது, தாமதமானால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்றார். அந்தக் கெடுவுக்குள் மயிரிழையில் நுழைந்தோம்.

ரிசல்ட் கேட்கப் போகிறவர்கள் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள். வெள்ளி, சனி இங்கே விடுமுறை. ஞாயிறுவரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே டிஎஸ்எச் எப்போது வரும், யாரிடம் கேட்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து லெவோதைராக்சின் மாத்திரை. பொடித்து, கரண்டியில் கொஞ்சம் தாய்ப்பாலோடு கலந்து கொடுக்கிறேன். புட்டிப் பாலில் கலக்கக் கூடாது, பிள்ளை மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சமாகிவிடும். இரும்புச்சத்து மருந்தை அதோடு சேர்த்துத் தரக் கூடாது. மூன்று வயதுவாக்கில் நிறுத்திப் பார்த்து, ஆயுளுக்கும் வேண்டுமா என்று முடிவு செய்வார்களாம். இப்போது பாலுக்குத் தானே எழுந்து கத்துகிறாள், தெருவே கேட்கிறது.

போன தடவை கிளினிக்கில் பிள்ளையின் புத்தகத்து முதல் பக்கத்தில் எங்கள் இரண்டு நம்பரையும் சிவப்பு மார்க்கரில் பெரிதாக எழுதினேன். புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்றார் கவுண்டரில் இருந்தவர். காதில் விழாததுபோல் அடுத்த பக்கத்திலும் எழுதிவிட்டு வந்தேன்.