கடைசிப் பாடத்தை முன்னால் கொண்டுவரக் கேட்ட கதை

2022 செப்டம்பரில், நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை என்னுடையது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் தொடங்கப்பட்ட வாரம் அது. திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருந்தார். வகுப்புக்குத் திரும்பியதும் ஆசிரியை, அவர் யார் என்று எங்களைக் கேட்டார். "ஆயிரம் ரூபாய் டீச்சர்" என்றாள் பின்வரிசைத் தோழி ஒருத்தி. முத்துலட்சுமி ரெட்டி யார் என்ற அடுத்த கேள்விக்கு, தன் அக்காவுக்குப் பிரசவத்தின்போது அந்தப் பெயரில் கிடைத்த உதவித்தொகையை இன்னொருத்தி நினைவுபடுத்தினாள். எல்லாரும் சிரித்தோம், ஆனால் எங்களில் யாருக்கும் சரியான விடை தெரிந்திருக்கவில்லை.

அன்று மாலை ஐந்து பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். உயர்நிலை வகுப்புப் பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்களின் வரலாற்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மூன்று பக்கமும் உணர்ச்சி மயம். ஆதாரம் என்று ஒரு பக்க எண்கூட இல்லை. ஒரு தோழியின் தந்தையோடு திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போய், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வந்தவர்களோடு வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கையில் வந்ததும், பாதி வேலை முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டோம்.

அந்த மனு கல்வித் துறை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து "உரிய நடவடிக்கைக்காக" எங்கள் தலைமையாசிரியையின் மேசைக்கே வந்து சேர்ந்தது. ஐந்து பேரையும் அழைத்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்துப் போனோம். அவரோ பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலை எடுத்து, வரலாற்றுப் பகுதியின் கடைசிப் பாடத்தைத் திறந்து எங்கள் முன் வைத்தார். தமிழ்நாட்டில் ஏற்பட்ட சமூக மாற்றங்களைப் பற்றிய அந்தப் பாடத்தின் இறுதிப் பக்கங்களில் பெண்கள் இயக்கங்கள் இருந்தன; 1917இல் அடையாறில் தொடங்கப்பட்ட இந்தியப் பெண்கள் சங்கம் இருந்தது; ராமாமிர்தம் அம்மையார், முத்துலட்சுமி ரெட்டி இருவருமே இருந்தார்கள். "இருப்பதைச் சேர்க்கச் சொல்லித்தான் கலெக்டர் ஆபீஸ் வரை போனீர்களா?" என்று கேட்டார். அந்த அவமானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மனு எழுத எண்ணும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு எழுதுங்கள் என்பதைத்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சியது. புத்தகத்தில் இருப்பது எங்களுக்கு ஏன் தெரியவில்லை? எங்கள் சீனியர்களிடம் விசாரித்தோம். கடைசிப் பாடம் நடத்தப்படும் காலம் திருப்புதல் தேர்வுகள் நெருங்கும் காலம் என்பதால், ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் குறி போட்டுக்கொண்டு கடந்துவிடுவதே வழக்கம் என்றார்கள். ஆக, பாடத்திட்டத்தில் இடம் இருந்தது, கால அட்டவணையில்தான் இல்லை. இது புரிந்த பிறகு எங்கள் கோரிக்கை சுருங்கியது, கேட்க வேண்டிய இடமும் மாறியது. பாடநூலை மாற்றுவது மாநில அளவில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் வேலை. எங்கள் கையிலிருந்த பத்தாம் வகுப்பு நூலே 2019இல் வந்ததுதான். எந்தப் பாடத்தை எந்த மாதம் நடத்துவது என்பதையோ பள்ளிக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

தலைமையாசிரியை எங்களை, பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச அனுமதித்தார். இந்த முறை மனு அரைப் பக்கம்தான். கடைசிப் பாடத்தின் அந்தப் பகுதியை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இரண்டு பாடவேளைகளில் நடத்த வேண்டும், பள்ளி அளவிலான தேர்வில் அதிலிருந்து ஒரு நெடுவினாவாவது வர வேண்டும், வாரம் ஒருநாள் காலைக் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பற்றி மாணவிகளே மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தோம்.

தடை நாங்கள் நினையாத பக்கத்திலிருந்து வந்தது. நான் 1883இல் பிறந்த ராமாமிர்தம் அம்மையாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் ஊர் ஊராகப் பேசியதையும், 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையோடு நடந்ததையும் கூறி, தேவதாசி முறை என்ற சொல்லுக்கு வந்தபோது, பெற்றோர் ஒருவர் எழுந்து, வயசுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசத்தான் வேண்டுமா என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. அவர் கேட்டது கெட்ட எண்ணத்தில் அல்ல என்பது எனக்குப் புரிந்தது. அந்தச் சொல்லைத் தன் மகளின் காதில் போடக் கூசிய ஒரு தகப்பனின் தயக்கம் அது. எங்கள் ஆசிரியைதான் பதில் சொன்னார். அந்த வழக்கத்தை ஒழிக்க 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததையும், அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே அந்த மரபில் பிறந்தவர் என்பதையும், அந்தத் தாயின் மகள் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டமன்ற மேலவையில் துணைத்தலைவராகி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கண்டதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குழுத் தலைவி எங்கள் வகுப்புத் தோழியின் அம்மா. பூ கட்டி விற்பவர். அதுவரை பேசாமல் இருந்தவர், "அடையாறு ஆஸ்பத்திரிக்கு எங்க மாமியாரைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அதைக் கட்டினது ஒரு பொம்பளைன்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். பிறகு தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். கேள்வி கேட்ட பெற்றோரும் கையெழுத்திட்டார். ஆசிரியை சொன்னதை ஏற்றுக்கொண்டாரா, நேரமாகிவிட்டது என்று போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாடநூலில் இந்தப் பகுதியை விரிவாக்கக் கோரிச் சென்னைக்கும் ஒரு பதிவுத் தபால் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, அத்தோடு சரி. நாங்கள் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டதால், தீர்மானம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது எங்களுக்கு அடுத்து வந்தவர்களுக்குத்தான். நான் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, பத்தாம் வகுப்பு அரையாண்டு வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், நெடுவினா வந்திருந்தது. காலைக் கூட்டத்தில் முதலில் பேசிய மாணவி, ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தை வழங்கியது 1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடு என்றும், அதற்குத் தலைமை தாங்கியவர் நீலாம்பிகை அம்மையார் என்றும் தாளைப் பார்க்காமல் சொன்னாள். பாடவேளைகள் மட்டும் கேட்டபடி கிடைக்கவில்லை. இரண்டு கேட்டோம், ஒன்றரைதான் நடந்தது. மீதி அரை வேளை ஆண்டு விழா ஒத்திகைக்குப் போய்விட்டதாம்.