பழைய ஆட்கள்

ஒக்டோபர் 9, வியாழன்

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து இறங்க இரவு எட்டு மணி. முதுகு போய்விட்டது. உம்மாவுக்குப் போன் எடுத்தேன். "மெசினுக்கு எண்ணெய் விட்டியா?" என்று கேட்டார். விட்டேன் என்றேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

விதானையார் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். திங்கள் வரட்டாம்.

ஒக்டோபர் 13, திங்கள்

படிவத்தில் இடம்பெயர்ந்த ஆண்டு என்று ஒரு கட்டம். 1990 என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, சத்தம் போட்டுக்கூடப் பேசவில்லை. "ஓ, நீங்கள் பழைய ஆக்களா?" என்று மட்டும் கேட்டாள். அவள் 1990இல் பிறந்திருக்கவே மாட்டாள்.

வன்னிப் போரின் கடைசிக் கட்டத்தில், 2008இலும் 2009இலும் வந்தவர்கள் புதியவர்கள். அதற்கு முன்னால் வந்த நாங்கள் பழையவர்கள். கூரைத் தகரம், வீட்டுத் திட்டம், நிவாரணம் எல்லாம் முதலில் புதியவர்களுக்கு. அவர்களும் பட்டவர்கள்தான், அதில் எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. ஆனால் சந்தையில் மீனைத்தான் இப்படிப் பழசு, புதுசு என்று பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கட்டம்: குடும்பங்களின் எண்ணிக்கை. போகும்போது ஒரு குடும்ப அட்டை. இப்போது காக்காமார், நான், தங்கச்சி என்று ஐந்து. காணி அதே இரண்டு பரப்பு. அந்தப் பிள்ளை பேனையை மூடிவிட்டு, "ஐந்து வீடு எங்கே கட்டுவீங்கள்?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

வெளியேறிய காரணம் என்ற கட்டத்தில் "யுத்தம்" என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது. அதை வெட்டிவிட்டு வேறு எழுதலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஒக்டோபர் 14

மழை. உம்மா பேசவில்லை. மூச்சு வாங்குகிறதாம்.

ஒக்டோபர் 15, புதன்

1990இல் இயக்கம், விடுதலைப் புலிகள், சாவகச்சேரி முஸ்லிம்களை வெளியேற்றியது இதே தேதியில். பிறகு மன்னார். கடைசியில் யாழ்ப்பாணம் டவுன். வாப்பா எல்லாம் கேள்விப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். "அது அங்கே. எங்களை என்னத்துக்கு?" என்றார். பழைய இரும்புக் கடைக்கு அன்றும் லொறி பேசிக்கொண்டிருந்தார்.

மகள் கம்பஸில் கொடுத்த தாள்களை என் பையில் வைத்துவிட்டாள். "படிங்க உம்மா, வரிசையில நிற்கிற நேரம் போகும்." படித்தேன். 1949 ஜெனீவா நான்காம் உடன்படிக்கை, 49ஆம் உறுப்புரை: ஆக்கிரமித்த இடத்து மக்களைப் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது. நல்லது. ஆனால் அது நாட்டுக்கும் நாட்டுக்குமான சண்டையை நினைத்து எழுதியது. எங்களைப் போகச் சொன்னது நாடு இல்லை, இயக்கம். 1977இன் இரண்டாம் மேலதிக நெறிமுறை, 17ஆம் உறுப்புரை, உள்நாட்டுப் போருக்கானது. அந்த மக்களின் பாதுகாப்புக்கோ தவிர்க்க முடியாத படைத்துறைக் காரணத்துக்கோ தவிர, அவர்களை இடம்பெயர்க்க உத்தரவிடக் கூடாது என்கிறது. வாசித்ததும் நெஞ்சு ஒருமுறை நிமிர்ந்தது. பக்கத்தில் மகள் பென்சிலால் குறித்திருந்தாள்: 1990இல் இலங்கை இதில் சேர்ந்திருக்கவில்லை.

1992இல் ஐ.நா. சிறுபான்மையினருக்கென்று ஒரு பிரகடனம் செய்தது. தங்கள் எல்லைக்குள் இருக்கும் சிறுபான்மையினரை அரசுகள் காக்க வேண்டுமாம். எங்களுக்கு இரண்டு வருடம் பிந்திவிட்டது, அது போகட்டும். எல்லைக்குள்தான் இருந்தோம். ஆனால் சோனகத் தெருவில் அன்று அரசு எங்கே இருந்தது? கோட்டையை விட்டு ஆமி போய் ஒரு மாதம். மேலே பிளேன் வந்து குண்டு போடும், அதுதான் அரசு. அப்புறம், சிறுபான்மை என்றால் யாருக்குச் சிறுபான்மை? கொழும்பில் இருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ரீச்சரும் நாங்களும் ஒரே கட்டம். யாழ்ப்பாணத்துக்குள் வந்தால் ரீச்சர் பெரும்பான்மை. ஒரு சின்ன ஆளின் வீட்டுக்குள் இன்னும் சின்ன ஆளாக இருந்தவனுக்கு எந்தத் தாளில் இடம்?

மணி இரண்டு. தூக்கம் இல்லை.

ஒக்டோபர் 16

நேற்று எழுதியதை வாசித்தால் வெட்கமாக இருக்கிறது. பிரசங்கம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி கிடைத்தது! வாப்பாவின் பெயர், கையெழுத்து, எல்லைகள். வடக்கே ஒழுங்கை, கிழக்கே ரீச்சரின் தகப்பன் பெயர். பத்து வருடம் கேள்வி இல்லாமல் ஒருவர் ஆண்டால் காணி அவருக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அதுதான் இத்தனை நாள் பயம். 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எங்களைப் போன்றவர்களுக்கு எதிராக எண்ண விடாது என்று வக்கீல் சொன்னார். பத்தொன்பது நாளைக்கு முன் அழைத்ததற்கு இன்றுதான் போனை எடுத்தார், ஆனாலும் சொன்னார்.

நில அளவையாளர் அடுத்த மாதம் 3ஆம் தேதி வருவார்.

உம்மா இன்று தெளிவாக இருந்தார். "ரீச்சர்ட சட்டைக்கு ஒரு கை இன்னும் வைக்கல்ல. கோபிப்பா."

ஒக்டோபர் 23, வியாழன்

ரீச்சரைப் பார்க்கப் போனேன். இரண்டு வாரமாக ஏன் போகவில்லை என்று எனக்கே தெரியும், எழுத விருப்பமில்லை.

எழுபத்து மூன்று வயது. முழங்கால் வீக்கம். "பிள்ளை, உம்மா எப்பிடி?" என்று கையைப் பிடித்தவர் விடவில்லை. அன்றைக்கு உம்மா தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி, வேலிக்கு மேலால் இவரிடம்தான் கொடுத்தார். ஊசிக்குக் கீழே ரீச்சரின் நீலச் சட்டை, ஒரு கையோடு.

நான் கேட்கவே இல்லை. அவரே சொன்னார். "93இல வித்திட்டன் பிள்ளை. மண்ணெண்ணெய் வாங்கக் காசில்லை. தடை. இவன் சோதினைக்குப் படிக்கிறான், விளக்குக்கு எண்ணெய் இல்லை." பிறகு, "உம்மாவிட்டச் சொல்லாதை."

சொல்லமாட்டேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு இயக்கம் லவுட்ஸ்பீக்கரில் எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னது. ரீச்சர் மழையில் நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்தார். தேதி அதே தேதி, எங்களுக்குச் சரியாக ஐந்து வருடம் பிந்தி. பாலத்தில் ஒரு அடி வைக்க நிமிடக் கணக்கில் நின்றார்களாம். "அப்ப உங்களை நினைச்சனான்" என்றார். எங்களுக்குச் செய்ததன் பலன் அது என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பாலத்தில் நின்ற குழந்தை எங்களுக்கு என்ன செய்தது? ரீச்சர் பிறந்த வீடு பலாலிப் பக்கம். அதுவும் 1990இல்தான் போனது. இன்றுவரை முள்ளுக்கம்பிக்கு உள்ளே. அங்கே கம்பிக்குப் பின்னால் நிற்பது அரசு.

திரும்பும்போது பார்த்தேன். ரீச்சரின் மகன் வெளிநாட்டுக் காசில் கட்டிய மதில். முன்பு வேலி நின்ற இடம் அது இல்லை என்று எனக்குப் பட்டது. வேலியடியில் நின்ற எங்கள் கறிவேப்பிலை மரம் இந்தப் பக்கம் இல்லை.

ஒக்டோபர் 24

பதினொரு வயதுக் கண்ணுக்கு எல்லாம் பெரிதாகத்தான் தெரியும். மரம் பட்டுப் போயிருக்கும்.

ஒக்டோபர் 27, திங்கள்

தோடு. இன்று திரும்பவும் தோடு. அன்றைக்கு வெளியேறும்போது இயக்கத்தின் சோதனையில் என் காதில் இருந்ததைக் கழற்றியவள் பெண். பதினெட்டு வயது இருக்கும், இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டியிருந்தாள். திருகு இறுகிப்போய்க் கிடந்தது. நான் கத்தக் கத்த, விரலில் எச்சில் தொட்டு மெதுவாகத் திருகினாள். "அழாதை, நோகாது" என்றாள். உண்மையாகவே நோகவில்லை.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பத்திரிகையாளர் முன்னால், எங்களை வெளியேற்றியதை நியாயப்படுத்த முடியாது என்று இயக்கத்தின் பக்கத்தில் சொன்னபோது புத்தளத்தில் வாப்பா ரேடியோவை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனார். வந்து ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருடம் மவுத்தானார்.

ஒக்டோபர் 30, வியாழன்

முப்பத்தைந்து வருடம். அன்றைக்குச் செவ்வாய்.

வெளியேற்றத்தை நினைவுகூரும் கறுப்பு ஒக்டோபர் கூட்டத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டரைக்குச் சோறு உலையில் வைத்தேன். மீன் கழுவி, புளி கரைத்து, தேங்காய் துருவி, ஒரு கறி, ஒரு சுண்டல். இடையில் இரண்டு உடுப்பு அலசினேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டரை. வெளியேற அன்றைக்கு எங்களுக்குத் தந்த நேரம் அவ்வளவுதான். வடக்கு முழுக்க எழுபத்தைந்தாயிரம் பேர் என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடுவதில்லை, சோற்றுக் கணக்குத்தான் பிடிபடுகிறது.

ரீச்சர் வேலியால், இல்லை, மதிலால் ஒரு கிண்ணம் பாயாசம் நீட்டினார். இன்றைக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

நவம்பர் 1

உம்மாவை வார்டில் சேர்த்திருக்கிறார்கள். தங்கச்சி ஒன்றும் ஒழுங்காகச் சொல்கிறாள் இல்லை. 3ஆம் தேதியை விட்டால் அளவையாளர் தை மாதம்தான் வருவாராம். நிற்பதா, போவதா?

நவம்பர் 2

நிற்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். சங்கிலி பிடிக்க ஒரு பொடியன். ஒழுங்கைப் பக்கம் சரி. தெற்கு சரி. கிழக்கில் பழைய எல்லைக் கல்லைத் தேடிக் கம்பியால் குத்திக்கொண்டே போனார்கள். இல்லை. அளவையாளர் வரைபடத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், பொடியனை மதில் ஏறிக் குதிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் குத்துகிற சத்தம். பிறகு, "சேர், இங்கே கிடக்கு. கறிவேப்பிலைக்குக் கீழே."

நாலு அடி.

ரீச்சர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். தட்டில் எல்லாருக்கும் தேத்தண்ணி. அளவையாளர் என்னைப் பார்த்து, "எப்படிப் போடுகிறது, மதிலிலா, கல்லிலா?" என்று கேட்டார். என் போன் அடித்தது. தங்கச்சி.