சீடையில் போன பல்

என் இடதுபக்கக் கீழ்க்கடைவாய்ப்பல் ஒரு கிருஷ்ண ஜெயந்தியன்று சீடை கடித்தபோது பிளந்தது. சீடையைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருடம் முன்னால் அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தபோதே கேப் போடச் சொன்னார்கள். வலிதான் போய்விட்டதே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவள் நான். எக்ஸ்ரேயில் விரிசல் வேர் வரை ஓடியிருந்தது. பிடுங்கியாயிற்று.

வெளியே தெரியாத பல்தானே என்று அதற்கப்புறமும் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். வலதுபக்கமே மென்று பழகிவிட்டது. நாக்குதான் அடங்காது, டிவி பார்க்கும்போதுகூடப் போய் அந்தப் பள்ளத்தைத் துழாவிக்கொண்டிருக்கும். பல் சுத்தம் செய்யப் போன ஒரு நாள் திருச்சி தில்லைநகர் பல் டாக்டர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மேல்வரிசைப் பல், எதிரே தாங்க ஆளில்லாமல் சற்றே கீழே இறங்கியிருந்தது. பின்பல் பள்ளத்துப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பும் மெலிந்துகொண்டே போகும், முதல் வருடத்தில்தான் அதிகம் கரையும் என்றார். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் இவ்வளவு நாள் விட்டிருக்க மாட்டேன்.

இரண்டு வழி சொன்னார். பக்கத்துப் பற்களைப் பிடித்து நடுவில் பல் கட்டும் பிரிட்ஜ் என்றால் மூன்று பல் கணக்கு, 15,000 ரூபாய். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல பற்களையும் சுற்றிலும் அரைக்க வேண்டும். இம்ப்ளான்ட் என்றால் எலும்பில் டைட்டேனியம் திருகு வைத்து, அதன் மேல் பல். ஸ்கேன் முதல் கேப் வரை 41,500 ஆகும் என்றார். என் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பல்லுக்கு இடமில்லை. நல்ல பற்களை அரைக்க மனசு வராமல் இம்ப்ளான்ட் என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் முட்டுக்கட்டை. "மூணு மாச சுகர் எவ்வளவுங்கம்மா?" என்றார். 8.6 சதவீதம் என்றேன். எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரை எதுவும் இல்லை. சர்க்கரை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், எலும்பு திருகைப் பிடிக்காமலும் போகலாம். எனக்குக் கோபம். வேறொரு கிளினிக்கில் கேட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் பல்லோடு அனுப்பிவிடுகிறோம், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். சுகரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தள்ளுபடிதான் என்னைப் பழைய டாக்டரிடமே திருப்பி அனுப்பியது. இரவுச் சோற்றை விட்டு, நடையைக் கூட்டி, மூன்று மாதத்தில் 7.1க்கு வந்தேன். உண்மையில் இந்த மொத்தக் கதையிலும் கஷ்டப்பட்டது அந்த மூன்று மாதம்தான்.

சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனை எடுத்துக் கணினியில் காட்டினார். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு ஒன்று ஓடுகிறது. எலும்பின் மேல்விளிம்பிலிருந்து அது வரை 13 மில்லிமீட்டர். எலும்பின் அகலம் 7. நரம்பை விட்டுத் தள்ளியே நிற்க வேண்டும் என்பதால் 4.2 மில்லிமீட்டர் தடிமனில் 10 மில்லிமீட்டர் நீளத் திருகு. உலோகத் திருகை வாயில் வைத்தால் உடம்பு எப்படி ஏற்கும் என்று கேட்டேன். 1952இல் ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயல் கால் எலும்பில் வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தாராம். எலும்பு அதை விடவே இல்லை. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம், 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார் என்றார்.

வைத்த நாள் நான் பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போகும் ஊசி மட்டும் சுருக்கென்றது. அதன்பின் வலி கிடையாது, தாடை முழுக்க அதிர்வுதான். எலும்பு சூடாகக் கூடாது என்று உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே மெதுவாகத் துளைத்தார்கள். கடைசியில் சைக்கிள் கடை ஸ்பேனர் மாதிரி ஒன்றால் கிர்ரிக் கிர்ரிக்கென்று திருகை இறுக்கினார்கள். "முப்பத்தஞ்சு" என்றார் டாக்டர். அது இறுக்கத்தின் அளவு. திருகு எலும்பில் உறுதியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தமாம். மூன்று தையல். மொத்தம் நாற்பது நிமிடம்.

சாயங்காலம் போன் செய்து, கீழுதட்டிலும் மோவாயிலும் உணர்ச்சி திரும்பிவிட்டதா என்று கேட்டார். திரும்பியிருந்தது. இரண்டு நாள் கன்னம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னார்கள். சர்க்கரைக்காரி நான், ஆறவைத்துக் குழைத்த மோர்சோறோடு ஓட்டினேன்.

எலும்பு திருகைப் பிடிக்க மூன்று மாதம். அப்புறம் ஈறை லேசாகத் திறந்து மூடி ஒன்று மாட்டினார்கள். ஈறு அதைச் சுற்றி ஆறியதும் அளவெடுத்தார்கள். நிறம் பார்க்கும்போது வெள்ளையாகக் கேட்டேன். என் காபிப் பற்களுக்கு நடுவில் அது தனியாகத் தெரியும் என்று சிரித்தார். ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பல்லை எலும்புத் திருகின் மேல் ஒரு சின்ன ஸ்க்ரூவால் இறுக்கி, அதன் நடு ஓட்டையில் வெள்ளை டேப்பைத் திணித்து, மேலே பல் நிறத்தில் அடைத்தார். குழாய் ரிப்பேர்க்காரர் சுற்றுவாரே, அதே டெஃப்லான் டேப்.

புதுப்பல் வித்தியாசமாகத்தான் இருக்கிறது. சொந்தப் பல்லில் சோற்றுக்குள் ஒரு சிறு கல் பட்டாலும் உடனே தெரியும். இதில் அந்தக் கூர்மை இல்லை. பக்கத்து இடுக்கில் கீரை சிக்குவதால் தினமும் ராத்திரி சின்ன பிரஷ் விட்டு எடுக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது பல் லேசாக ஆடியது. அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை, 41,500 போச்சு என்று. காலையில் பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் இருப்பது அசையவில்லை, மேல் ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கிறது என்றார். அடுத்த கேள்வி, "எந்தக் கம்பெனி, என்ன சைஸ்?" கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே திருப்புளி வேறாம். திருகு வந்த டப்பாவின் ஸ்டிக்கரை முதல் நாளே தில்லைநகர் டாக்டர் என் சீட்டில் ஒட்டிக் கொடுத்திருந்தார். அதை மகள் ஏதோ நினைப்பில் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டினேன். அவரிடம் அந்தத் திருப்புளி இருந்தது. டேப்பை உருவி, இறுக்கி, மறுபடி அடைக்க இருபது நிமிடம், 500 ரூபாய்.

திருச்சி வந்ததும் முதல் வேலையாக அந்தச் சீட்டை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்தேன்.